இன்சுலினை நிறுத்துவதா விசுவாசம்? வசனத்தோடு பதில் வேண்டும்

கேள்வி: பிப்ரவரி 12, மாலை

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போடுகிறார். இப்போது போகிற வீட்டு ஜெபக்கூட்டத்தில், "கர்த்தரே என் பரிகாரி (வைத்தியர்) என்று வாயால் சொல்லிவிட்டு ஊசியை நம்புகிறாயே" என்று கேட்டிருக்கிறார்கள். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் முதல் ஊசியை நிறுத்தப்போகிறாராம். அதுதான் கீழ்ப்படிதல் என்கிறார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தேவனை முழுசாக நம்புகிறவர் மருந்து எடுக்கலாமா, கூடாதா? வசனத்தோடு சொல்லுங்கள். வசனம் இல்லாமல் சொன்னால் அம்மா காதிலேயே வாங்கமாட்டார்.

பிப்ரவரி 12, இரவு 10.40

தம்பி, வசனத்துக்கு முன்னால் ஒன்று. ஊசியை நிறுத்த விடாதீர்கள். விவாதம் எத்தனை நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும், அதுவரை ஊசி நிற்கக்கூடாது. நாளைக்கே அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது வசனம். ஏசாயா 38. எசேக்கியா ராஜா சாகக்கிடக்கிறார், சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கிறார். அதே அதிகாரம் 21-ஆம் வசனத்தில் ஏசாயா என்ன சொல்கிறார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். சுகம் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் பற்று. பற்றுப் போட்டதால் வாக்கு பொய்யாகிவிட்டதா?

அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் வயிற்றிற்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிறார் (1 தீமோ. 5:23). எத்தனையோ பேரைச் சுகமாக்கின கை எழுதின கடிதம் அது. அவரோடு கூடவே இருந்தவர் லூக்கா, "பிரியமான வைத்தியன்" (கொலோ. 4:14). வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு வா என்று பவுல் அவருக்கு எழுதியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

பிப்ரவரி 13, காலை

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன். அம்மா ஏற்கெனவே ஒன்றிரண்டு வேளை விட்டிருந்தால் கவனியுங்கள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு வாங்குவது, மூச்சில் பழவாடை, கூப்பிட்டால் மந்தமாகப் பார்ப்பது. இதில் எது கண்டாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஜெபத்தை ஆட்டோவில் போகும்போதே செய்யலாம்.

இன்னொன்று, லெந்து உபவாசம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அதுவும் உயிருக்கு ஆபத்து. உபவாசம் இருந்தே ஆகவேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் டிவி சீரியலை விடட்டும், டீயில் சர்க்கரையை விடட்டும். எங்கள் சபை ஐயர் (போதகர்) வயதானவர்களுக்கு இதைத்தான் சொல்வார்.

பிப்ரவரி 14, இரவு

மேலே ஒரு சகோதரர், மருந்து கூடாது என்பதற்கு யூதாவின் ராஜா ஆசாவைக் காட்டியிருக்கிறார். 2 நாளாகமம் 16:12. காலில் வியாதி உக்கிரமானபோது ஆசா கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்று இருக்கிறது. வசனம் சரி. அதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுக்கலாமா? அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். இஸ்ரவேல் ராஜா படையெடுத்ததும், ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரிய ராஜாவுக்கு அனுப்பி உதவி வாங்குகிறான். கண்டித்துப் பேசிய ஞானதிருஷ்டிக்காரன் அனானியைக் காவலறையில் போடுகிறான். ஜனங்களில் சிலரை ஒடுக்குகிறான். கடைசியில்தான் கால். "கர்த்தரை அல்ல" என்பதில்தான் குற்றம் இருக்கிறது. வைத்தியரிடம் போனது குற்றம் என்றால் எசேக்கியாவுக்குப் பற்றுப் போடச் சொன்ன ஏசாயாவும் குற்றவாளி ஆகிவிடுவார்.

உங்கள் அம்மா அப்படியா தம்பி? ஊசி போடும் முன்பு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் போடுவார் என்று நீங்களே பின்னால் எழுதியிருக்கிறீர்கள். அவர் இரண்டு பேரையும் தேடுகிறவர். ஆசாவின் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

பிப்ரவரி 15, ஆராதனை முடிந்து

மத்தேயு 4-ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். லெந்தின் முதல் ஞாயிறு எப்படியும் ஆலயத்தில் இந்தப் பகுதிதான் வரும். சாத்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்கிறான். அவன் காட்டுவதும் வசனம்தான், சங்கீதம் 91. பொய்யான வசனம் இல்லை. ஆண்டவர் என்ன செய்தார்? குதித்து விசுவாசத்தை நிரூபிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று சொல்லிவிட்டுப் படி வழியாகவே இறங்கினார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

ஊசியை நிறுத்திவிட்டு இப்போது காப்பாற்றும் பார்க்கலாம் என்பது, அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் மற்ற எந்த வசனம் எடுபடாவிட்டாலும் இது எடுபடும்.

பிப்ரவரி 17

"அப்படியானால் விசுவாசம் எங்கே தெரியும்? எல்லாரும்தான் மாத்திரை போடுகிறார்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் குடியாத்தம் பக்கம், அதனால் எங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கம் வந்த முதல் மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர் மிஷனரி. ஐடாவுக்கு மட்டும் இந்த ஊழியம் வேண்டாம், அமெரிக்காவில் நன்றாக வாழவேண்டும் என்ற எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருக்கிறார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு உயர்சாதிக்காரர். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்கிறார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்க்கக்கூடாது, நீ வா என்கிறார்கள். எனக்கு வைத்தியம் தெரியாதே என்கிறார் இவர். மூவரும் திரும்பிப் போகிறார்கள். காலையில் பார்த்தால் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் அறையைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார். எழுந்து போய்ச் செய்தது என்ன? "இனி எந்தப் பெண்ணும் பிரசவத்தில் சாகாதபடி அற்புதம் செய்யும்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம். 1902-இல் ஷெல் மருத்துவமனை. நியூயார்க்கில் வங்கி வைத்திருந்த ஷெல் என்பவர், இறந்துபோன மனைவியின் நினைவாகப் 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பெயர்தான். ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் "ஷெல்லுக்குப் போறேன்" என்பார்கள், அது ஒரு அம்மாவின் நினைவுப் பெயர் என்று பலருக்குத் தெரியாது.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்பிள்ளைகள் தேறுவார்களா என்று பெரிய அதிகாரிகளுக்கே சந்தேகம். முதல் வருடப் பரீட்சையில் வேலூரிலிருந்து எழுதிய 14 பேரும் தேறினார்கள்.

யோவான் 14:15: "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் (கட்டளைகளை) கைக்கொள்ளுங்கள்." திண்டிவனத்து இரவில் அந்த அன்பு ஐடாவிடம் கேட்டது பல வருஷப் படிப்பை. உங்கள் அம்மா போடும் ஊசிக்குப் பின்னாலும் இப்படி யாரோ ஒருவர் கண்விழித்துப் படித்த படிப்பு இருக்கிறது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தம்பி, அம்மா இன்று ஊசி போட்டாரா? ஒரு வரி எழுதுங்கள்.

பிப்ரவரி 18, இரவு

போட்டாராம். "இன்றைக்கு மட்டும்" என்று சொல்லியிருக்கிறாராம். போதும். நாளைக்கு நாளைய ஊசி.

பிப்ரவரி 21

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வேலூரில் ஆபரேஷன் முடிந்து, பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்கு மாற்றினார்கள். எங்கள் பக்கம் "ரிஹேப்" என்றால் எல்லாருக்கும் தெரியும்.

முதுகெலும்பு அடிபட்டவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். படுக்கையில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். இடது, மல்லாக்க, வலது. திருப்பும்போது இழுக்கக்கூடாது, தோல் உரசும். தூக்கித்தான் வைக்கவேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் அடியில் துணிச்சுருள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட அந்த இடம் சிவக்கும். அவனுக்கு வலிக்காது என்பதுதான் பயமே. சிவந்த இடத்தை நாம் பார்க்காமல் விட்டால் புண், புண்ணை விட்டால் எலும்பு வரைக்கும் குழி.

வார்டுக்கு ஒருநாள் ஓர் ஊழியக்காரர் வந்தார், கூட ஓர் இளைஞன். பெரியவர் தம்பியின் தலையில் கைவைத்து உரக்க ஜெபித்தார். எழுந்து நட என்றார். அவன் எழவில்லை. வெளியே வந்து என் அம்மாவிடம், "வீட்டில் யாரிடமோ மறைவான பாவம் இருக்கிறது, அதுதான் தடை" என்றார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எந்தப் பாவம், யார் பாவம் என்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறவிக் குருடனைப் பற்றி இயேசு "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று சொன்ன யோவான் 9:3-ஐ நான் எத்தனை தரம் வாசித்துக் காட்டினாலும் ஏறவில்லை. அந்தப் பேச்சைத்தான் என்னால் இன்னும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஜெபித்ததற்காக எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

தம்பி அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா? அவர்கள் விடைபெறும்போது, "ஐயா, வந்ததே வந்தீங்க, என்னை வலது பக்கம் திருப்பிவிட்டுப் போங்க, நேரமாயிடுச்சு" என்றான். பெரியவருக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. கூட வந்த இளைஞன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தூக்கித் திருப்பினான். அதற்குப் பிறகு அவன் தனியாகவே வர ஆரம்பித்தான். பக்கத்துக் கட்டில்காரரையும் திருப்பிவிடுவான். வெளியூர்க்காரர்களுக்கு மருந்தகத்தில் வரிசையில் நின்று மருந்து வாங்கி வருவான். ஜெபத்தைக் கடைசியில் மெதுவாக, இரண்டே வரியில் செய்துவிட்டுப் போவான். அம்மாவைச் சாப்பிட வைத்ததும் அவன்தான்.

பிப்ரவரி 22

அந்த ரிஹேப் எப்படி வந்தது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அதை எழுதாமல் போனால் பாதிதான் சொன்னதாகும்.

மேரி வர்கீஸ், கேரளத்துப் பெண், வேலூரில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வண்டியில் போகும்போது விபத்து. முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருக்காக ஜெபிக்காதவர் அந்த வளாகத்தில் யார் இருந்திருப்பார்கள்? நடக்கவேண்டும் என்றுதான் எல்லாரும் ஜெபித்தார்கள். அவர் நடக்கவில்லை.

அங்கே பால் பிராண்ட் இருந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவர். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் என்று அவர் மேரிக்குச் சொல்கிறார். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, தொட மற்றவர்கள் அஞ்சிய நோயாளிகளின் கைகளை நிமிர்த்த ஆரம்பித்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ.

என் தம்பிக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், கண்ணாடி பிடித்துத் தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ளவும், நாற்காலியில் கை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி அழுத்தம் குறைக்கவும் கற்றுக்கொடுத்தது அந்த இடம். இப்போது ஊரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வாசலில் சாய்தளம். பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டரில் ஆலயத்துக்கு வருவான்.

பிப்ரவரி 24

"அப்படியானால் தேவன் இன்று அற்புதம் செய்வதில்லை என்கிறீர்களா?" இப்படி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இல்லை, இல்லை. செய்கிறார். யாக்கோபு 5:14-இன்படி மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். எங்கள் வீட்டில் செய்தோம், இன்னும் செய்வோம். என் தம்பி நடக்கவேண்டும் என்று இப்போதும் கேட்கிறேன். கேட்பதை நிறுத்தச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை. பவுல் தன்னை வருத்திய ஒரு வேதனையை, "மாம்சத்திலே ஒரு முள்" என்று அவர் சொன்னதை, நீக்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்".

நான் நம்பிக்கை என்று நினைப்பது தானியேல் 3-இல் இருக்கிறது. சிலையை வணங்க மறுத்ததால் எரிகிற சூளையில் போடப்படவிருந்த மூன்று பேர், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லி, அதே மூச்சில் "விடுவிக்காமற்போனாலும்" என்கிறார்கள். சூளைக்குள் போகுமுன்பே சொன்னது. இப்போது இருக்கும் பல சாட்சிக் கூட்டங்களில் 17-ஆம் வசனம் கேட்கிறது, 18 கேட்பதில்லை. சுகமானவர் மேடைக்கு வருகிறார். சுகமாகாமலே கர்த்தரைப் பற்றிக்கொண்டு, காலையில் எழுந்து கடை திறக்கிறவர் எந்த மேடையில் நிற்பார்? அவருக்கு மைக் கொடுங்கள் என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டேன். தம்பியை அழைத்திருக்கிறார்கள். மேடைக்குச் சாய்தளம் இல்லை, கீழே நின்றே பேசட்டும் என்றார்கள். முதலில் பலகை போடுங்கள், பிறகு வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 26

வீட்டுக்கூட்டம் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுவிடாதீர்கள் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நியாயம். எங்கள் தெருக் கூட்டத்தார்தான் எங்கள் அம்மா தம்பியோடு வேலூரில் இருந்த நாளெல்லாம் எங்கள் மாட்டுக்குத் தீவனம் போட்டார்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற அந்த ஒரு பேச்சை மட்டுமே எதிர்க்கிறேன்.

"இதெல்லாம் பெரிய டாக்டர்கள் கதை, சாதாரண விசுவாசிக்கு என்ன?" என்று அவரே கேட்கிறார். கொல்லிமலையைப் பேசினோமே, அங்கேயே போவோம். பால் பிராண்டின் அப்பா ஜெஸ்ஸியும் அம்மா எவலினும் மலைமேல் குடியேறி வருஷக்கணக்காக உழைத்தும் ஒருவரும் அவர்களோடு சேரவில்லை. அங்கிருந்த பூசாரி கடுமையாக எதிர்த்தார். விஷக்காய்ச்சல் வந்து பூசாரி குடும்பம் கிடந்தபோது சொந்த ஜனமே கிட்டே போக அஞ்சியது. இவர்கள் போய்ப் பார்த்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் கொடுக்க எந்தப் பட்டமும் வேண்டியிருக்கவில்லை.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவலின் ஓய்வு வயது வந்தும் ஊர் திரும்பாமல் மலையிலேயே தங்கி, குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றி, 1974-இல் 95 வயதில் காலமானார். இதுவும் மிஷனரி கதைதான் என்பீர்கள். சரி, ரிஹேபுக்கு வந்த அந்த இளைஞன்? அவன் ஒரு டயர் கடையில் வேலை பார்ப்பவன்.

மார்ச் 3

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். அம்மா மத்தேயு 4-ஐ இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஊசி தொடர்கிறது. கூட்டத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் பயப்படுகிறார். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போய் உட்காருங்கள். சண்டை வேண்டாம். யாராவது கேட்டால் எசேக்கியாவின் பற்றைச் சொல்லுங்கள். மறுபடி கேட்டால், "எங்க அம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க, ஊசியை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டுகள், வீட்டில் குறித்த சர்க்கரை அளவுகள், போடும் இன்சுலின் குப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். கால் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள், விரல் இடுக்கு உட்பட. சர்க்கரைக்காரர்களுக்கும் பாதத்தில் உணர்வு குறையும், புண் வந்தது தெரியாது. தினமும் இரவு நீங்களே அம்மாவின் பாதத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனையையும் எடுத்துவிடுங்கள். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அம்மாவை நினைக்கச் சொல்லியிருக்கிறேன்.